தாத்தாவின் மோதிரம், கதிரின் விரல்

குழு: மேல வீட்டுக் குடும்பம்

வெள்ளிக்கிழமை

அம்மா, காலை 10.12
(படம்: தாத்தாவின் மோதிரம்)
கதிருக்குத் தாத்தா மோதிரத்தைப் போட்டுப் பார்த்தோம். விரலில் சுற்றிக்கொண்டு ஓடுகிறது, கையை உதறினால் விழுந்துவிடும். அளவைக் குறைக்கலாம் என்று நேற்று ஒரு பெரிய கடைக்குக் கொண்டுபோனோம். மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, இதில் தங்கம் 58 சதவீதம்தான் இருக்கிறது, இதற்குப் போய்க் கூலி கொடுப்பது வீண், போட்டுவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எனக்கு மனசே சரியில்லை.

கதிர், 10.15
சித்தப்பா, தாத்தாவே பத்தர்தானே. தனக்குச் செய்த மோதிரத்தில் ஏன் இவ்வளவு செம்பு சேர்த்தார்?

சித்தப்பா, 10.31
மதினி, கடையில் கொடுத்துவிடவில்லையே?

அம்மா, 10.31
இல்லை தம்பி. கையோடு வாங்கி வந்துவிட்டேன்.

சித்தப்பா, 10.44
நல்ல காரியம் செய்தீர்கள்.
கதிர், அது 1964இல் செய்த மோதிரம். எனக்குப் பத்து வயது, துருத்தி ஊதியது நான்தான். அதற்கு முந்தைய வருடம், 1963 ஜனவரியில், தங்கக் கட்டுப்பாட்டு விதி வந்தது. சீனப் போர் முடிந்த நேரம், மொரார்ஜி தேசாய் நிதியமைச்சர். 14 கேரட்டுக்கு மேல் யாரும் நகை செய்யக் கூடாது என்று உத்தரவு. 24இல் 14 பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார், 58.33 வரும். மெஷின் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது.

சித்தப்பா, 10.52
அன்றைக்கு நம் ஊரில் 14 கேரட் நகையை யாரும் மதிக்கவில்லை. செம்பு நிறமாக இருக்கிறது, கறுத்துப்போகும், அடகுக்குக்கூடப் போகாது என்றார்கள். பட்டறைக்கு ஆள் வருவதே நின்றுபோனது. எத்தனையோ பத்தர்கள் வேறு வேலைக்குப் போனார்கள், உயிரை விட்டவர்களும் உண்டு. உங்கள் தாத்தா இந்த மோதிரத்தைச் செய்து தன் விரலில் போட்டுக்கொண்டு, வருகிறவர்களிடம் கையை நீட்டிக் காட்டுவார். பாருங்கள், இதுவும் தங்கம்தான் என்பார். 1966இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். அப்பா மோதிரத்தைக் கழற்றவில்லை.

நான், 10.55
இது எதுவுமே எனக்குத் தெரியாது சித்தப்பா.

அத்தை, 11.03
அது அப்பா கையிலேயே இருந்தது, 2009 வரைக்கும். கஞ்சி குடிக்கும்போது டம்ளரில் டொக்கென்று தட்டும். அந்தச் சத்தம் கேட்டால் அப்பா எழுந்துவிட்டார் என்று தெரியும்.

அம்மா, 11.10
அப்படியானால் உருக்கும் பேச்சே வேண்டாம். அடியில் நூல் சுற்றிப் போட்டுக்கொள்ளட்டும். நான் என் கல்யாண மோதிரத்தை அப்படித்தான் ஆறு வருடம் போட்டிருந்தேன்.

சித்தப்பா, 11.14
நூல் வேண்டாம் மதினி. ஈரம் சேர்ந்து அடியில் தோல் புண்ணாகும். ஒருநாள் கூத்துக்குச் சரி, கதிர் தினமும் போடப்போகிறான். நான் குறைத்துத் தருகிறேன். கண் கொஞ்சம் மங்கினாலும் கை இன்னும் நடுங்கவில்லை.

கதிர், 11.16
எப்படிக் குறைப்பீர்கள்? சுத்தியலால் தட்டியா?

சித்தப்பா, 11.29
தட்டிப் பெரிதாக்கத்தான் முடியும். கல் இல்லாத வெறும் வளையமாக இருந்தால், பழுக்கக் காய்ச்சி இளக்கி, கூம்பு மாதிரி இருக்கிற இரும்புக் கோலில் ஏற்றி மரச் சுத்தியலால் தட்டினால் ஒரு அளவு வரை விரியும். அதற்கு மேல் தட்டினால் அடிப்பட்டை மெலிந்துபோகும். நிறையப் பெரிதாக்க வேண்டும் என்றால் அடியில் அறுத்து, அதே கேரட் தங்கத்தில் ஒரு துண்டு செருகிப் பற்றவைக்க வேண்டும்.
குறைப்பது அதற்கு நேர் எதிர். அடியில் ஒரு துண்டை அறுத்து எடுத்துவிட்டு, இரண்டு முனையையும் சேர்த்து, பொடி வைத்து ஊத வேண்டும். பொடி என்றால் மோதிரத்துக்கு முன்பே உருகி ஓடி ஒட்டிக்கொள்கிற உலோகத் துணுக்கு, ஊதுவது என்றால் தீ காட்டி ஒட்டுவது. பொடி வைத்துப் பேசுகிறான் என்கிறோமே, அந்தப் பொடி இதுதான்.

சித்தப்பா, 11.33
எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதுதான் முதல் வேலை. நம் ஊர் அளவில் ஒரு எண் கூடினால் உள்சுற்றளவு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கூடும். அப்பா மோதிரம் 24. கதிர் விரலுக்கு என்ன அளவு வருகிறது என்று பார்த்துச் சொல். அளவு வளையக் கொத்தில் பார்க்க வேண்டும், நூலைச் சுற்றி அளக்காதே, நூல் இழுத்த இழுப்புக்கு வரும். சாயங்காலம் பார். காலையில் குளிரில் விரல் சுருங்கியிருக்கும், வெயிலில் அலைந்துவிட்டு வந்தால் உப்பியிருக்கும்.

அத்தை, 11.40
தம்பி, நீ சொன்னதும் என் நவரத்தின மோதிரத்தையும் உன்னிடம் கொடுத்துப் பெரிதாக்கலாம் என்று கழற்றிப் பார்த்தேன். வரவில்லை. சோப்பு போட்டு அரை மணி நேரமாக இழுக்கிறேன். இப்போது விரல் வீங்கிவிட்டது.

நான், 11.41
அத்தை இழுப்பதை நிறுத்துங்கள். விரல் நுனி என்ன நிறத்தில் இருக்கிறது? மரத்துப்போயிருக்கிறதா?

அத்தை, 11.43
சிவந்திருக்கிறது. கிள்ளினால் வலிக்கிறது.

நான், 11.44
சரி, பயப்பட வேண்டாம். கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்காருங்கள். துணியில் ஐஸ் சுற்றி விரல் மேல் வையுங்கள். நீலமாகவோ வெளுத்தோ போனால், உணர்வு இல்லாமல் போனால், உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். எங்கள் அவசரப் பிரிவில் மோதிரம் அறுக்கிற சின்ன ரம்பம் இருக்கிறது, ஒரு நிமிட வேலை.

அத்தை, 11.45
அறுப்பதா? உங்கள் மாமா வாங்கிக் கொடுத்தது.

சித்தப்பா, 11.46
அக்கா, அறுத்த மோதிரத்தை நான் ஒட்டித் தருவேன். விரலை ஒட்ட எனக்குத் தெரியாது. அவள் சொல்கிறபடி செய்யுங்கள்.

நான், 11.58
வீக்கம் கொஞ்சம் தணிந்ததா? இப்போது வழுவழுப்பான தையல் நூல் நன்றாக நீளமாக எடுங்கள், பட்டு நூல் இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் ஊசிக் காதால் நுழைத்து உள்ளங்கைப் பக்கம் இழுத்து விடுங்கள். மறுமுனையை மோதிரத்தை ஒட்டி, இடைவெளியே இல்லாமல், நெருக்கி நெருக்கி, விரல் மூட்டைத் தாண்டுகிற வரை சுற்றுங்கள். மேலே கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். அப்புறம் உள்ளங்கைப் பக்கம் இருக்கிற முனையைப் பிடித்து நகத்தின் பக்கமாக இழுத்தபடியே சுற்றைப் பிரித்துக்கொண்டு வாருங்கள். நூல் பிரியப் பிரிய மோதிரம் அதன் மேல் ஏறி நகரும். நூலைக் கட்டியபடியே விட்டுவிடக் கூடாது, சுற்றியதும் பிரிக்க வேண்டும்.

அத்தை, 12.21
வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண் சுற்றிவிட்டாள். மூட்டில் வலித்தது, ஆனால் வந்துவிட்டது.
(படம்: உள்ளங்கையில் நவரத்தின மோதிரம்)

அம்மா, 12.22
அப்பாடா. மதினி, இனிமேல் அதைப் போடாதீர்கள், பெரிதாக்கியதும் போட்டுக்கொள்ளலாம்.

சித்தப்பா, 12.40
அக்கா, அதைப் பெரிதாக்குவது அப்பா மோதிரத்தைவிடச் சிக்கலான வேலை. ஒன்பது கல்லில் முத்தும் பவளமும் இருக்கின்றன. இரண்டும் நெருப்புக்கு ஆகாது. மரகதத்துக்குள் நுண்ணிய வெடிப்பு இருக்கும், சூடு பட்டால் விட்டுப்போகும். உங்களுடையது பின்பக்கம் மூடிக் கல் கட்டியது, கல்லுக்கு அடியில் அரக்கு இருக்கும், அதுவும் இளகிவிடும். கல்லையெல்லாம் கழற்றிவிட்டு ஊதி, திரும்பக் கட்ட வேண்டும். இல்லையென்றால் லேசர் வைத்திருக்கிற பட்டறையில் கொடுக்க வேண்டும், அதில் பற்றவைக்கிற இடம் மட்டும்தான் சூடாகும். எனக்கு லேசர் தெரியாது, தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், நானே கூட இருந்து செய்து வாங்குகிறேன்.
இன்னொன்று. உங்களுக்கு மூட்டு பெருத்திருக்கிறது, அடிவிரல் மெலிந்திருக்கிறது. மூட்டுக்கு அளவெடுத்தால் உள்ளே போனபின் மோதிரம் சுழலும், கல் உள்ளங்கைப் பக்கம் திரும்பிவிடும். அதற்கு உள்பக்கம் அடியில் இரண்டு சின்னக் குண்டு வைத்துவிடலாம்.

நான், 12.48
என் மோதிரத்தில் ஆறு எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு போட்டிருக்கிறார்கள். அதையும் அறுத்துவிடுவார்களா?

சித்தப்பா, 12.55
அது ஹால்மார்க் அடையாள எண், 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் கடையில் விற்கக் கூடாது. கொடுக்கும்போதே, இந்த இடத்தில் அறுக்காதீர்கள் என்று காட்டிச் சொல்லிவிடு. சொல்லாவிட்டால் அரத்தால் ராவுகிற ராவில் போய்விடும்.
அப்புறம், கேடிஎம் பொடி போட்டு ஊதுகிறோம் என்று யாராவது சொன்னால் மோதிரத்தைத் திரும்ப வாங்கிக்கொள். அது காட்மியம் கலந்த பொடி. காட்மியம் 767 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், தங்கம் உருக 1064 வேண்டும். ஊதுகிறவன் மூச்சில்தான் அந்தப் புகை போகும். என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவர் கடைசிக் காலத்தில் பத்து எட்டு நடக்க முடியாமல் இரைத்தார். அவர் இருமல் இன்னும் என் காதில் இருக்கிறது.

கதிர், இரவு 7.20
சித்தப்பா, மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். 19.

சித்தப்பா, 7.24
ஐந்து அளவு. 5 மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை வா. மோதிரத்தைக் கொடுத்துவிட்டுப் போகாதே, கூடவே இரு. யாரிடம் கொடுத்தாலும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை

கதிர், காலை 9.40
(படம்: தராசு)
6.240 கிராம். சித்தப்பா என்னைத்தான் எடை போடச் சொன்னார்.

கதிர், 9.52
தாத்தா ஊதிய பழைய பற்று, அதாவது அன்றைக்கு ஒட்டிய இடம், எங்கே என்று தேடுகிறார். லேசாகச் சூடு காட்டினால் அந்த இடம் மட்டும் வேறு நிறமாகத் தெரியும் என்றார். காட்டினார், உண்மையிலேயே மயிர் மாதிரி ஒரு கோடு தெரிந்தது. ஆனால் சூடு காட்டும் முன்பே அவர் விரல் வைத்திருந்த இடம் அதுதான்.

அம்மா, 9.53
அங்கேயே அறுப்பாரா?

கதிர், 9.56
ஆமாம். பழைய பற்றை ஒட்டி ஒரு வெட்டு, அங்கிருந்து 5 மில்லிமீட்டரில் இன்னொரு வெட்டு. பழைய பற்றை விட்டுவிட்டு வேறு இடத்தில் அறுத்தால் இரண்டு பற்று ஆகிவிடும், ஊதும்போது பழையது வாய் பிளக்கலாம் என்கிறார்.

கதிர், 10.10
(படம்: அறுத்த துண்டு, அரிசிமணி பக்கத்தில்)
0.260 கிராம். ரம்பம் நூல் மாதிரி இருக்கிறது. மடியில் தோல் விரித்து அதில் தூள் விழும்படி அறுத்தார்.

கதிர், 10.35
இப்போது இரண்டு முனையையும் நெருக்கிச் சேர்த்துவிட்டார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்கச் சொன்னார், சந்தில் ஒளி தெரியக் கூடாதாம். எனக்குத் தெரியவில்லை, அவருக்குத் தெரிந்தது. பிரித்து மறுபடி ராவினார். நான்கு தடவை.

நான், 10.37
எந்தப் பொடி போடுகிறார்?

கதிர், 10.41
14 கேரட்டுக்கு உள்ள பொடி, நேற்றே தேடி வாங்கி வைத்திருக்கிறார். 22க்குப் போடுகிற பொடியை இதில் வைத்தால், பொடி ஓடுகிற சூட்டில் மோதிரமே குழைந்துவிடும், கேரட் தெரியாமல் யாரும் நெருப்பைத் தொடக் கூடாது என்கிறார். வெங்காரத்தைத் தண்ணீரில் உரசிப் பற்று மேல் தடவி, சாமணத்தால் குருணை மாதிரி ஒரு துணுக்கு வைத்தார். வைத்துக்கொண்டே பேசினார், டார்ச் எடுத்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்.

கதிர், 10.58
முதலில் மோதிரம் முழுவதையும் சுற்றிச் சுற்றிச் சூடாக்கினார். மங்கிய சிவப்பு வந்ததும் தீயைப் பற்றுக்கு நேராகக் கொண்டுவந்தார். அந்தத் துணுக்கு குண்டாகச் சுருண்டது. அப்புறம் ஒரு நொடியில், தண்ணீர் மாதிரி பளிச்சென்று சந்துக்குள் ஓடிவிட்டது. அவ்வளவுதான், தீயை எடுத்துவிட்டார்.

அத்தை, 11.02
அப்பா ஊதும்போதும் யாரும் பேசக் கூடாது.

கதிர், 11.50
தண்ணீரில் போட்டு, அமிலத்தில் வெளுத்து, கோலில் ஏற்றித் தட்டி வட்டமாக்கினார். இதுதான் அதிக நேரம் பிடித்தது. மேலே எழுத்து இருக்கிற தட்டை கனமாக இருப்பதால் அது பழைய வளைவிலேயே நிற்கிறது, அடிப்பட்டை மட்டும் வளைகிறது, முட்டை மாதிரி ஆகிவிடுகிறது. கல் வைத்த மோதிரத்தை இப்படி ஐந்து அளவு குறைத்தால் கல்லெல்லாம் ஆடிவிடுமாம்.

சித்தப்பா, மதியம் 12.30
மதினி, ஒன்று சொல்ல வேண்டும். அப்பா 45 வருடம் கழற்றாமல் போட்ட மோதிரம். 22 கேரட்டாக இருந்திருந்தால் அடிப்பட்டை இந்நேரம் நூலாகத் தேய்ந்திருக்கும், அடியையே புதிதாகப் போட வேண்டி வந்திருக்கும். 14இல் செம்பும் வெள்ளியும் கூடுதல், கெட்டி அதிகம். அரம் போடும்போதே கைக்குத் தெரிந்தது. அடி இன்னும் முழுதாக இருக்கிறது. யாரும் வேண்டாம் என்ற தங்கம்.

கதிர், 12.48
(படம்: தராசு)
மெருகு போட்டு, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவியாயிற்று. 5.960. துண்டு 0.260, சேர்த்த பொடி 0.020, மீதி 40 மில்லிகிராம் ராவியதிலும் மெருகிலும் போனது. தோலில் விழுந்த தூளையும் தட்டி ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் பட்டறை வாசல் மண்ணைக் கூட்டி எடுத்து அலசிப் பிழைத்தவர்கள் உண்டு என்று சொன்னார்.

கதிர், 12.50
(படம்: விரலில் மோதிரம்)
பற்று எங்கே இருக்கிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அம்மா, 12.51
மாமா கை மாதிரியே இருக்கிறதடா.

அத்தை, 12.53
டம்ளரில் தட்டி அந்தச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பு.

கதிர், 12.56
(குரல் பதிவு, 3 நொடி)

அம்மா, 1.15
தம்பி, அந்தத் துண்டைத் திருமாங்கல்யத்துக்குக் கொடுக்கிற பொன்னோடு சேர்த்துவிடலாமா? வருகிற பெண்ணுக்கும் மாமாவின் ஆசி இருக்கட்டும்.

சித்தப்பா, 1.22
அப்படியே சேர்த்தால் தாலியின் மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம், குறைந்துவிடும் மதினி. சுத்தம் செய்து செம்பையும் பழைய பொடியையும் பிரித்து எடுத்தால் 150 மில்லிகிராம் போல நல்ல தங்கம் கிடைக்கும். அதைச் சேர்க்கலாம், தாராளமாக. கொஞ்சம்தான் வரும்.

அம்மா, 1.23
கொஞ்சம் போதும். பொன் கொடுக்க வியாழக்கிழமை நாள் பார்த்திருக்கிறோம். அதற்குள் முடியுமா?

சித்தப்பா, 1.24
புதன் சாயங்காலம் வீட்டில் கொண்டுவந்து தருகிறேன். அக்கா, உங்கள் மோதிரத்தையும் அன்றைக்கே வாங்கிக்கொள்கிறேன்.