ஐப்பசி மழைக்கு ஆப்பிள் கேரமல் புட்டிங்: கிரீம் திரிகிறது, அடியில் சாஸ் நிற்கவில்லை

குடமுருட்டி:

வணக்கம். மேலே கேக், நடுவில் ஆப்பிள், அடியில் கேரமல் சாஸ் என்று சுடச்சுட ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடும் புட்டிங் பற்றிக் கேட்கிறேன். வெளிநாட்டுக் குறிப்புகளில் இதை இலையுதிர்கால இனிப்பு என்பார்கள். நம் பக்கம் இலை உதிர்வது மாசி பங்குனியில். ஆனாலும் காஷ்மீர் ஆப்பிள் தஞ்சாவூர்க் கடைகளில் குவிவது ஐப்பசி அடைமழையோடுதான், அதனால் பருவம் பொருந்தித்தான் வருகிறது.

செய்த விதம்: மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், தயிர் 150 மில்லி, பால் 120 மில்லி, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், முட்டை கிடையாது. மூன்று ஆப்பிளைத் துருவி மாவில் கலந்தேன். வெல்லம் 150 கிராமும் பாக்கெட் கிரீம் 200 மில்லியும் சேர்த்துக் கொதிக்கவிட்டு மேலே ஊற்றினேன். 28 லிட்டர் ஓடிஜி (சின்ன மின்சார அவன்), 200 டிகிரி, 55 நிமிடம்.

கிரீம் திரிதிரியாகப் போனது. மேல்பக்கம் கருகல், நடுவில் மாவு கொழகொழ, சாஸ் சொட்டுக்கூட இல்லை. எங்கே பிசகு?

வெண்ணாறு:

கிரீம் திரிந்ததற்குக் காரணம் வெல்லம். வெல்லப் பாயசத்துக்குப் பால் எப்போது ஊற்றுவோம்? அடுப்பை அணைத்து, பாகு ஆறின பிறகு. வெல்லத்தில் இருக்கும் லேசான புளிப்பும் உப்புகளும் கொதிக்கும் சூட்டில் பாலின் புரதத்தைத் திரட்டிவிடும். பாக்கெட் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான், அதனால் அதற்கும் பாலின் கதிதான். பேக்கரி சாமான் கடையில் விப்பிங் கிரீம் என்று கேட்டால் பெரும்பாலும் இனிப்புச் சேர்த்த தாவர எண்ணெய்ச் சரக்கைத் தருவார்கள். அதையும் வாங்க வேண்டாம்.

இன்னொன்று, வெல்லத்தைக் காய்ச்சினால் கேரமல் ஆகாது. முதலிலேயே பழுப்பாக இருப்பதால் எந்த இடத்தில் நிறுத்துவது என்று கண்ணுக்குத் தெரியாது. வாசனை மாறுவதற்குள் அடிபிடித்துக் கசந்துவிடும். கேரமலுக்கு வெள்ளைச் சர்க்கரைதான். பாகு பதம் பார்க்கத் தெரிந்த கைக்கு இது பெரிய வித்தை இல்லை: கம்பிப் பதம், உருட்டுப் பதம், கடலை மிட்டாய்க்கான உடையும் பதம், அதையும் தாண்டி ஒரு படி.

அடிகனமான எவர்சில்வர் பாத்திரத்தில் சர்க்கரை 150 கிராம், தண்ணீர் 3 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு 4 சொட்டு. சர்க்கரை கரையும்வரை கிளறலாம். கொதி வந்த பிறகு கரண்டியே படக்கூடாது, பாத்திரத்தைச் சுழற்றினால் போதும். ஓரத்தில் ஒட்டிய சர்க்கரை ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் மொத்தமும் பூத்துப்போய் மறுபடி சர்க்கரையாகிவிடும். எலுமிச்சைச் சாறு போடுவது அதைத் தடுக்கத்தான். சர்க்கரையில் ஒரு பங்கை அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைத்துவிடும், பிறகு படிகம் கட்டாது. 170 டிகிரி தாண்டியதும் தேன் நிறம் வரும். அங்கே நிறுத்தினால் இனிப்பு மட்டும்தான் இருக்கும். தேன் நிறம் செம்பழுப்பாகி முதல் மெல்லிய புகை எழும்போது அணையுங்கள். அதன்பின் பத்து விநாடி தாமதித்தாலும் கசப்பு.

அரசலாறு:

வெண்ணாறு சொன்ன கேரமலை வைத்தே சாஸை முடித்துவிடலாம், கிரீமே வேண்டாம். அணைத்தவுடன் கொதிக்கும் வெந்நீர் 275 மில்லியை நாலைந்து தடவையாக ஊற்றுங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பொங்கித் தெறிக்கும், கேரமலும் பாறையாக இறுகும். வெந்நீருக்கும் ஆவி வேகமாகக் கிளம்பும், கையைத் தள்ளி வையுங்கள். பிறகு வெண்ணெய் 30 கிராம், உப்பு கால் டீஸ்பூன். இறுகிய கட்டி ஏதும் இருந்தால் சிறு தீயில் கரைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மாவில் தயிரும் பாலும் சேர்ந்து 270 மில்லி, போதாததற்குத் துருவின ஆப்பிளின் தண்ணீர். அது தோசை மாவு. சாஸ் அடியில் தங்க வேண்டுமானால் மாவு போண்டா மாவுபோல இருக்க வேண்டும், கரண்டியைச் சாய்த்தால் தயங்கித் தயங்கி விழ வேண்டும். ஊற்றுகிற சாஸ் மாவின் ஓரங்கள் வழியாகக் கீழே இறங்கும், மாவு உப்பி மேலே எழும்பும், அடியில் போன சாஸ் மேலே தூவும் கார்ன்ஃப்ளாரால் கெட்டியாகும். நீர்த்த மாவில் இரண்டும் கலந்துவிடுவதால் எல்லாமே களியாகத்தான் வரும்.

முட்டை இல்லாமல் ஆறு பேருக்கு என் அளவு: மைதா 150 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரை டீஸ்பூன், சோடா உப்பு கால் டீஸ்பூன், சர்க்கரை 75 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 60 கிராம், பால் 90 மில்லி, உருக்கிய வெண்ணெய் 60 கிராம், பட்டைத்தூள் அரை டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. வெண்ணெய்க்குப் பதில் நெய் என்றால் 50 கிராம் போதும், வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரும் மோரும்தான். முட்டை சேர்ப்பவர்கள் தயிரையும் சோடா உப்பையும் விட்டுவிட்டு ஒரு முட்டை, பால் 120 மில்லி, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன். மாவை அடித்துக் கலக்காதீர்கள், மைதாவின் வெள்ளைத் தடம் மறைந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். மேலும் கிளறினால் ரப்பர்தான். அடை மழைக்காலத்தில் பேக்கிங் பவுடர் ஈரம் குடித்துச் செத்துப்போயிருக்கும். அரை டீஸ்பூனை வெந்நீரில் போட்டுப் பாருங்கள், பொரிந்து நுரைத்தால் உயிர் இருக்கிறது.

ஒன்றரை லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் வெண்ணெய் தடவி, ஆப்பிளைப் பரப்பி, மேலே மாவு. நாட்டுச் சர்க்கரை 2 டேபிள்ஸ்பூனும் கார்ன்ஃப்ளார் 1 டேபிள்ஸ்பூனும் கலந்து தூவுங்கள் (நாட்டுச் சர்க்கரைக்கு இங்கே தடையில்லை, திரிவதற்குக் கிரீம் கிடையாதே). சூடான கேரமல் நீரைக் கரண்டியின் முதுகில் விழும்படி மெதுவாக ஊற்ற வேண்டும், நேராகக் கொட்டினால் மாவில் குழி விழும். ஊற்றிய பிறகு பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், கிளறிவிடாதீர்கள்.

200 டிகிரி அதிகம். 180 டிகிரியில் பதினைந்து நிமிடம் முன்சூடு, மேல் கீழ் இரண்டு ராடும், நடுத்தட்டு, 40 முதல் 45 நிமிடம். சின்ன ஓடிஜியில் மேல் ராடு கிட்டத்தில் இருப்பதால் 25 நிமிடத்தில் நிறம் ஏறிவிடும், அப்போது ஃபாயில் தாளைத் தளர்வாக மூடுங்கள். குச்சியை அடிவரை குத்தக்கூடாது, கீழே சாஸ் இருப்பதால் எப்போதும் ஈரமாகத்தான் வரும். மேல் பாதியில் மட்டும் குத்திப் பாருங்கள். ஓரத்தில் சாஸ் கொப்பளிப்பது தெரிந்தால் சரி. வெளியே எடுத்துப் பத்து நிமிடம் விட்டால் சாஸ் திரளும். அரை மணி நேரம் விட்டால் கேக் அதைக் குடித்துவிடும்.

வெட்டாறு:

ஆப்பிளைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. இங்கே கிடைக்கும் சிவப்பு டெலிஷியஸ் வகையில் புளிப்பு குறைவு, வெந்தால் குழையும். குளிர்கிடங்கில் நாள்பட இருந்தது என்றால் மாவு மாவாக இருக்கும். கையில் தூக்கினால் அளவுக்கு மீறி லேசாக இருக்கும் பழத்தைத் தள்ளுங்கள். பச்சை கிரானி ஸ்மித் கிடைத்தால் ஒன்று பச்சை, இரண்டு சிவப்பு என்று கலப்பது நல்லது. புளிப்பு இல்லாவிட்டால் கேரமல் திகட்டும். பச்சை கிடைக்காவிட்டால் ஒரு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு.

துருவவே வேண்டாம். தோல் சீவி, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 15 கிராம் வெண்ணெயில் ஓரளவு பெரிய தீயில் நான்கு நிமிடம் வதக்குங்கள். அதில் விடும் தண்ணீர் வற்றினால்தான் நடு மாவு வேகும். மூன்று பழத்தில் சீவி எடுத்தபின் 400 கிராம் தேறும்.

குடமுருட்டி:

ரொம்ப நன்றி. இரண்டு சந்தேகம். வீட்டில் கும்பகோணம் பித்தளை உருளி இருக்கிறது, அடி நல்ல கனம், கேரமலை அதில் காய்ச்சலாமா? ஓடிஜியில் இருக்கும்போது பாதியில் கரண்ட் போனால் என்ன செய்வது?

வெண்ணாறு:

கூடாது. உள்ளே ஈயம் (வெள்ளீயம்) பூசியிருந்தால் அந்தப் பூச்சு 232 டிகிரியில் உருகும். கேரமல் 180ல் இருக்கும்போது தீ படும் அடிப்பக்கம் அதைத் தாண்டிப் போகும். ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்று ரசம் வைப்பவர்களுக்குத் தெரியும், இதுவும் அதேதான். பூசாத பித்தளை என்றால் எலுமிச்சைப் புளிப்புக்குக் களிம்பு இறங்கும். கறுப்பு நான்ஸ்டிக்கில் நிறம் தெரியாது. எவர்சில்வரே போதும்.

அரசலாறு:

கரண்ட் போனால் முதலில் கதவைத் திறக்காதீர்கள். பத்து நிமிடத்துக்குள் வந்துவிட்டால் உள்ளிருக்கும் சூடே காப்பாற்றும், கூடுதலாக ஏழெட்டு நிமிடம் வைத்தால் சரியாகிவிடும். வரவில்லை என்றால் இட்லிப் பானையில் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகு, பாத்திரத்தை ஃபாயிலால் இறுக்கி மூடி உள்ளே வைத்து, 30 நிமிடம் ஆவியில் வேகவிடுங்கள். பானை மூடிக்கு அடியில் ஒரு துணி கட்டினால் ஆவித் தண்ணீர் ஃபாயில் மேல் சொட்டாது. இதற்காகவே மழை நாளில் கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், அலுமினிய டின் பாதுகாப்பு. சூட்டில் இடம் மாற்றும்போது கண்ணாடி விரிசல் விடும்.

வெட்டாறு:

அடுப்பிலேயே முழுதும் செய்வதானால் முறையே வேறு. ஆவியில் மேல்பக்கம் சிவக்காது, சாஸும் சரியாகப் பிரிந்து வராது. கேரமல் நீரில் பாதியைக் கார்ன்ஃப்ளார் இல்லாமல் டின்னின் அடியில் ஊற்றி, அதன்மேல் ஆப்பிள், மாவு, ஃபாயில், இட்லிப் பானையில் 55 நிமிடம். மீதி கேரமலை அடுப்பில் சுண்டவைத்து, கவிழ்த்த புட்டிங்மேல் சூடாக விடுங்கள்.

மிஞ்சினால் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். சாஸ் முழுக்க உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், சூடாக்கும்போது ஒரு பங்குக்கு 2 டேபிள்ஸ்பூன் பால் தெளித்து மூடி, ஐந்து நிமிடம் ஆவி காட்டுங்கள்.