லாங்போவுக்கு அம்புத் தண்டு எடுத்த அனுபவங்கள்: குமரி மாவட்டம்

தக்கலையிலிருந்து:

அம்புக்குத் தண்டு எடுக்கப் போகிறவர்கள் முதலில் அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் தள்ளிவிடுவார்கள். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஊர்ப்பக்கம் கூடையும் முறமும் முடைகிற ஒரு பாட்டா. மெலிந்த மூங்கில் கேட்டுப் போயிருந்தேன். கட்டிலிருந்து ஒவ்வொன்றாக உருவி, இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்துப் பார்த்து, இரண்டு பங்காகப் போட்டார். கோணலாக இருந்த சிலதும் நல்ல பங்கில் விழுந்தன. ஏன் என்று கேட்டேன். "கோணலத் தீ காட்டி நிமுத்திரலாம் மக்கா. கம்புக்க பலத்த எதக் காட்டி மாத்துவ?" என்றார்.

லாங்போ என்ற நீண்ட வில்லுக்கு அந்தப் பலம்தான், அதாவது தண்டின் விறைப்புதான், எல்லாம். இந்த வில்லின் கைப்பிடி நடுவரை வெட்டப்பட்டிருக்காது, அம்பு அதன் பக்கவாட்டில்தான் உட்காரும். நாணை விட்டதும் அம்பு வளைந்து, கைப்பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியேறி, அப்புறம் நேராகிறது. வளையாத விறைத்த அம்பு, வலக்கைக்காரர் எய்தால் இடப்பக்கம் போகும். அளவுக்கு மேல் வளைவது வலப்பக்கம் போகும். எத்தனை நாள் பயிற்சி செய்தாலும் தண்டு பொருந்தாவிட்டால் அம்புகள் ஓரிடத்தில் சேராது.

பாட்டாவின் கை நமக்கு இல்லை, அதனால் அளக்க வேண்டும். பலகையில் 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணி அடித்து, அவற்றின் மேல் தண்டை வையுங்கள். நடுவில் 2 பவுண்டு தொங்கவிடுங்கள். பாட்டிலில் தண்ணீர் ஊற்றி மொத்தம் 907 கிராம் வரும்படி சரிசெய்தால் போதும். தண்டு எத்தனை அங்குலம் இறங்குகிறதோ, அதால் 26-ஐ வகுத்தால் வருவதுதான் ஸ்பைன், அதாவது தண்டின் விறைப்புக்கான அளவு. 0.65 அங்குலம், அதாவது பதினாறரை மில்லிமீட்டர் இறங்கினால் 40 பவுண்டு. 0.52 அங்குலம் என்றால் 50. மூங்கிலை உருட்டி உருட்டி எல்லாப் பக்கமும் அளந்து பாருங்கள், பக்கத்துக்குப் பக்கம் மாறும். விறைப்பான பக்கத்தைப் பென்சிலால் குறித்து, அது வில்லைத் தொடும்படி நாக் (நாணை மாட்டும் பள்ளம்) வெட்டுங்கள்.

வில்லில் எழுதியிருக்கும் பவுண்டு, அதாவது அதை இழுக்கத் தேவைப்படும் பலம், பெரும்பாலும் 28 அங்குல இழுப்புக்கு உரியது. உங்கள் இழுப்பு 26 என்றால் பலம் குறையும். கொக்கித் தராசில் மாட்டி இழுத்துப் பார்த்துவிட்டு, அதைவிட 5 பவுண்டு குறைந்த ஸ்பைனில் தொடங்குங்கள். தண்டு நீளமாக இருந்தாலும் முனை கனமாக இருந்தாலும் அம்பு இன்னும் இளகும். அதனால் எடுத்த எடுப்பில் குட்டையாக வெட்டிவிடாதீர்கள்.

மூங்கிலில் அடிப்பக்கம் முனைக்கு, நுனிப்பக்கம் நாணுக்கு. ஒரு கணுவுக்குச் சற்று மேலே நாக் வெட்டி, அந்த வெட்டுக்குக் கீழே நூல் சுற்றிப் பசை பூசினால் பிளக்காது. முற்றாத மூங்கில் வேண்டவே வேண்டாம், மூன்று வருடமாவது ஆகியிருக்க வேண்டும். வெட்டியதைக் குளத்தில் ஊறப்போட்டால் மாவுச்சத்து கரைந்துவிடும், வண்டு துளைப்பது குறையும். மலையில் ஈத்தை என்ற மூங்கில் வகை கணுவுக்குக் கணு நீளமாக வளர்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அதன் சுவர் மெலிது, நசுங்கிவிடும். அது மட்டுமல்ல, காட்டில் கை வைக்கக் கூடாது. தோட்டத்து மூங்கிலே தாராளம்.

ஆரல்வாய்மொழியிலிருந்து:

மேலே சொன்னதோடு எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கணவாய்க் காற்றில் எய்கிற எங்களுக்கு அது ரொம்ப முக்கியம், லேசான அம்பைக் காற்று தள்ளிவிடும். 40 பவுண்டு வில்லுக்கு முனை, இறகு எல்லாம் சேர்த்து 23 முதல் 26 கிராம்வரை வைத்துக்கொள்கிறேன். அதைவிட மிகவும் குறைந்தால் கை அதிரும், வில்லுக்கும் கெடுதல்.

ஆன்லைனில் வாங்கிய ஒரு கட்டில் எல்லாத் தண்டிலும் 45 என்றே அச்சடித்திருந்தது. ஆணிப்பலகையில் வைத்தால் சில 40, சில 50-ஐத் தாண்டியது. அளந்து பிரித்துக் கொடுக்கும் கடைக்குக் கூடுதல் காசு தரலாம்.

மரத் தண்டு என்றால் மரத்தின் பெயரைவிட இழையைப் பாருங்கள். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் போர்க்கப்பலை 1982-இல் தூக்கினார்கள். அதில் கிடைத்த அம்புகளில் பெரும்பாலானவை பாப்லர் என்ற லேசான மரம். நான் வைத்திருப்பது பைன், குறை ஒன்றும் இல்லை. இழை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறினால் அங்கேதான் முறியும், முறிந்த துண்டு வில் பிடித்த கையில் ஏறும்.

குலசேகரத்திலிருந்து:

நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, ஈரம் குடித்தால் மரத் தண்டு கோணும். வார்னிஷை மெல்லியதாக இரண்டு மூன்று தடவை பூசுங்கள், வெட்டிய முனைகளை விட்டுவிடாதீர்கள். இறகுக்கு வான்கோழி நல்லது. ஒரு அம்பின் மூன்று இறகும் ஒரே பக்கச் சிறகிலிருந்து வர வேண்டும். பிளாஸ்டிக் இறகு லாங்போவில் கைப்பிடியில் மோதி அம்பைத் திருப்பிவிடும், பறவை இறகு மடிந்து கொடுக்கும்.

அப்புறம், எய்யும் முன் ஒவ்வொரு தடவையும் அம்பை லேசாக வளைத்துக் காதருகே பிடித்துக் கேளுங்கள். நெறிகிற சத்தம் வந்தால் அங்கேயே ஒடித்துப் போட்டுவிடுங்கள், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் எடுத்து எய்யாமல் இருக்கும்.