கீழ்க் கடைவாய்ப் பல்லில் 'சி' வடிவக் குழாய்: பல்லையே எடுத்துவிடலாமா?

கேள்வி:
கீழ் இரண்டாவது கடைவாய்ப் பல்லுக்கு ரூட் கெனால் பாதியில் நிற்கிறது. வேருக்குள் இருக்கும் குழாய் 'சி' வடிவத்தில் இருக்கிறதாம், சிபிசிடி ஸ்கேன் (பல்லை முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்கேன்) எடுக்கச் சொல்கிறார் டாக்டர். பேசாமல் பல்லைப் பிடுங்கிவிடலாமா?

பதில் (பல் மருத்துவர்):
அவசரப்படாதீர்கள். வேர்கள் ஒட்டியிருக்கும் பற்களில் இப்படி வருவது உண்டு. கிழக்காசிய மக்களிடம் அதிகம். தனித்தனித் துளைகளுக்குப் பதில், பல்லின் உள்தளத்தில் பிறை போல நீளமான ஒரு பிளவு தெரியும். கீழே போகப் போக அது பிரியும், மறுபடி சேரும். சாதாரண எக்ஸ்ரேயில் இது எளிதில் பிடிபடாது, அதனால்தான் ஸ்கேன். குழாயைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் ஃபைல் என்ற மெல்லிய கருவி எல்லா இடுக்குக்கும் எட்டாது. அதிகம் சுரண்டினால் நாக்குப் பக்கத்து மெல்லிய சுவர் ஓட்டையாகிவிடும். கிருமியைக் கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை அல்ட்ராசானிக் முனையால் அதிரவைத்துக் கழுவுவதுதான் இதில் பாதி வைத்தியம். பொறுமையான கை கிடைத்தால் பல் தங்கும், நம்புங்கள்.

பதில்:
எனக்கு மேல் முதல் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழாயை விட்டுவிட்டார்கள், வலி திரும்ப வந்தது. மைக்ரோஸ்கோப் வைத்து மறுபடி செய்ததும் சரியாகிவிட்டது. ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள்.

கேட்டவர்:
சரி, எடுக்கிறேன். அப்புறம் கிரவுன் (பல்லின் மேல் மாட்டும் உறை) உடனே போடணுமா?

பல் மருத்துவர்:
தள்ளிப்போடாதீர்கள். தற்காலிக அடைப்பு கசிந்தால் கிருமி மறுபடி உள்ளே போய்விடும்.