ஊரார் வேலை தவறாமல் நடக்கிறது. சொந்தக் கணக்கு மட்டும் ஏன் தள்ளிப்போகிறது?

கேள்வி: பல்லடம்_தையல்

வணக்கம். பல்லடம் அருகே சிறிய தையல் யூனிட் வைத்து, திருப்பூர் நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கிறேன். கட்டிங் துணி வந்து இறங்கிவிட்டால், மின்சாரம் நின்றாலும் ஆள் வராவிட்டாலும் சொன்ன நாளில் பீஸ்களை அனுப்பிவிடுவேன். ஆனால் அனுப்பிய சரக்குக்குப் பில் போடுவது, வர வேண்டிய பாக்கியைக் கேட்டுப் போன் செய்வது, ஜிஎஸ்டி கணக்குக்கான சீட்டுகளை ஆடிட்டரிடம் சேர்ப்பது ஆகிய மூன்று மட்டும் ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிக்கொண்டே போகின்றன.

மேசை இழுப்பறையில் டெலிவரி சலான்கள் ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளாகக் கிடக்கின்றன. அவற்றைப் பிரிக்கலாம் என்று உட்கார்ந்தால், சரியாக அந்த நேரத்தில்தான் ஓவர்லாக் மெஷினுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று தோன்றுகிறது, எழுந்து போய்விடுகிறேன். போனில் அலாரம் வைத்தால் அதை அணைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகிறேன். வீட்டில் சோம்பேறித்தனம் என்கிறார்கள். காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே உழைப்பவனுக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்று தெரியவில்லை. இது எதனால் வருகிறது, எங்கிருந்து தொடங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: ஈரோடு_கணக்கர்

அண்ணா, சிறு தொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு என்பதால், நீங்கள் சொல்லும் இழுப்பறையை நான் பல யூனிட்களில் பார்த்திருக்கிறேன். சோம்பேறிக்கு எந்த வேலையும் ஓடாது. உங்களுக்கு ஓடாதவை குறிப்பிட்ட மூன்றுதான். ஃபியூஷா சிருவா, டிமத்தி பிச்சில் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையில், வேலையைத் தள்ளிப்போடுவது நேரத்தைத் திட்டமிடத் தெரியாததால் மட்டும் வருவதில்லை என்றும், அந்த வேலையை நினைத்தவுடன் எழும் சங்கடத்தை அப்போதைக்குத் தணித்துக்கொள்ளும் வழியாகவே மனம் அதைச் செய்கிறது என்றும் விளக்கினார்கள். எண்ணெய் விடப் போனதும் ஒரு நிம்மதி வருகிறதல்லவா, அதுதான் மனத்துக்குக் கிடைக்கும் கூலி. அலாரம் நேரத்தைத்தான் சொல்லும். சங்கடத்தை அது தொடுவதே இல்லை.

ஆகவே மூன்றையும் ஒன்றாக நினைக்காமல், ஒவ்வொன்றிலும் எது உறுத்துகிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். பில் போடுவதில் பெரும்பாலும் சலிப்பும், பீஸ் எண்ணிக்கையில் தகராறு வருமோ என்ற ஐயமும் இருக்கும். ஜிஎஸ்டியில் எவ்வளவு கட்ட வேண்டி வருமோ என்ற பயம் இருக்கும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு, வரியைக் கணக்குக் காட்டிக் கட்டும் ஜிஎஸ்டி படிவமான 3பி ரிட்டனின் கடைசி நாள் அடுத்த மாதம் 20-ஆம் தேதி. தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. இந்தக் கட்டணம் நாள் கணக்கில் ஏறுவதே ஒரு வகையில் வினை என்பது என் கருத்து. எந்த ஒரு நாளிலும் 50 ரூபாய் யாரையும் பயமுறுத்துவதில்லை.

பாக்கி கேட்பதில் இருப்பது கூச்சம். நம் பக்கத்தில் பணம் கேட்டால் மரியாதை குறைந்துவிடும் என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் நீங்கள் கடன் கேட்கவில்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய தொகையை, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் இழுக்கக் கூடாது. அந்தப் பதிவுக்கு உத்யம் பதிவு என்று பெயர்; உங்களிடம் இல்லையென்றால் முதலில் அதைச் செய்துகொள்ளுங்கள்.

பதில் 2: கொடுமுடி_மஞ்சள்காடு

தம்பி, தள்ளிப்போடுவது எல்லாமே கோளாறு என்று ஆக்கிவிட வேண்டாம். மஞ்சளை வேகவைத்து, காயவைத்து, மெருகேற்றிய பிறகும், ஈரோட்டில் விலை படியவில்லையென்றால் மாதக்கணக்கில் கிடங்கில் வைத்திருக்கிறோம். ஆனால் அப்படி வைத்திருக்கும் காலத்தில் நாள் தவறாமல் விலை விசாரிப்போம். நீங்களோ இழுப்பறையைத் திறப்பதே இல்லை. மற்றபடி, இதற்கு வெளிநாட்டு ஆய்வெல்லாம் வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது; உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

பதில் 3: கோபி_ஓய்வாசிரியர்

மேலே பெரியவர் சொன்ன ‘உட்கார்ந்தால் முடிந்துவிடும்’ என்பது உண்மைதான். உட்கார முடியாததுதானே கேள்வி. ‘இன்று எப்படியும் கணக்கை முடித்துவிட வேண்டும்’ என்ற தீர்மானம் மாணவர்களிடமும் வேலை செய்து நான் பார்த்ததில்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், ‘இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று சந்தர்ப்பத்தையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்வது, வெறும் தீர்மானத்தைவிட எளிதில் செயலுக்கு வருகிறது என்று காட்டினார். உங்கள் யூனிட்டில் அந்தச் சந்தர்ப்பம் கையிலேயே இருக்கிறது: டெம்போவில் பண்டல் ஏற்றி, ஓட்டுநரிடம் சலானில் கையெழுத்து வாங்கும் நேரம். வண்டி கேட்டைத் தாண்டியதும், கையில் இருக்கும் சலான் நகலை இழுப்பறையில் போடாமல், நின்றபடியே பில் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். எண்ணிக்கை மனத்தில் பசுமையாக இருப்பதால், பிறகு தகராறு வருமோ என்ற ஐயமும் குறையும். பழைய கட்டுகளை இதனுடன் சேர்க்காதீர்கள். அவற்றை உங்களுடன் ஓர் ஆளை உட்கார வைத்து, அவர் வாசிக்க நீங்கள் எழுதி முடிக்கலாம்.

வீட்டாருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கனடாவில் மைக்கேல் வோல் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிப்பதைத் தள்ளிப்போட்டதற்காகத் தங்களைத் தாங்களே மன்னித்துக்கொண்ட மாணவர்கள், அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். சோம்பேறி என்ற சொல் அந்த இழுப்பறையின் பாரத்தைக் கூட்டத்தான் செய்யும்.

கேள்வி கேட்டவர்: பல்லடம்_தையல்

மூவருக்கும் நன்றி. டெம்போ யோசனையை நாளைய லோடிலிருந்தே தொடங்குகிறேன். பாக்கி விஷயத்தில் ஒரு சிக்கல். தர வேண்டியவர்களில் இருவர் எங்கள் ஊர்க்காரர்கள். கல்யாணம், கிடாவிருந்து என்று எங்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள். சட்டத்தைச் சொல்லி அவர்களிடம் பேச எனக்கு நா எழாது.

பதில்: ஈரோடு_கணக்கர்

சட்டம் உங்கள் தைரியத்துக்குத்தான் அண்ணா. அவர்களிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு மாதமும் முதல் தேதியில், பாக்கி உள்ளவர், இல்லாதவர் எல்லோருக்கும் ஒரே மாதிரி கணக்கு நிலுவைத் தாளை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். எல்லோருக்கும் போவதால், தன்னை மட்டும் கேட்டதாக யாரும் நினைக்க மாட்டார்கள். அண்ணி சம்மதித்தால் அனுப்பும் வேலையை அவர்களிடமே விட்டுவிடலாம். ஒரு வாரம் கழித்து நீங்கள் போன் செய்யும்போது, ‘பணம் எப்போது வரும்’ என்று தொடங்காமல், ‘தாள் வந்து சேர்ந்ததுங்களா, கணக்கு ஒத்துப்போகிறதுங்களா’ என்று கேளுங்கள்; தேதியைப் பெரும்பாலும் அவர்களே சொல்லிவிடுவார்கள். தாளில் பில் எண், தேதி, தொகை ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். மொத்தத் தொகையை மட்டும் எழுதி அனுப்பினால், ‘எந்த பில்லுக்கு’ என்று கேட்டே இன்னொரு மாதத்தைக் கடத்திவிடுவார்கள்.