மூலிகைக் கேப்சூல் சாப்பிடும் அக்காவுக்குப் பசியே எடுப்பதில்லை, நிறுத்தச் சொல்லலாமா?

கேள்வி:
44 வயதான என் அக்கா இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் மாத்திரை எடுப்பவர். உடன் பணிபுரியும் தோழி கொடுத்த, தயாரிப்பாளர் முகவரியோ உரிம எண்ணோ இல்லாத மூலிகைக் கேப்சூலை ஐந்து வாரங்களாகத் தினமும் காலையில் விழுங்குகிறார். மதியம் இரண்டு மணியானாலும் பசிப்பதில்லை, 6 கிலோ குறைந்துவிட்டது என்று மகிழ்கிறார். ஆனால் நாக்கு வறள்கிறது, இரவில் உறக்கமில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு படபடக்கிறது. மூலிகைதானே என்று வீட்டில் யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்கு மனம் ஒப்பவில்லை. பசியைக் குறைக்கப் பாதுகாப்பான மருந்து வேறு உண்டா?

பதில் 1 (மருந்தாளுநர்):
இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இம்மூன்று அறிகுறிகளும், பசியைக் குறைக்கும் சிபுட்ரமின் என்ற மருந்தின் பக்கவிளைவுகளோடு ஒத்துப்போகின்றன. ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதித்தந்த அம்மருந்து, இதயநோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகச் சுமார் 10,000 பேரிடம் நடத்திய ஆய்வில் தெரியவந்ததால், 2010-இல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. 2011-இல் இந்தியாவும் தடைசெய்தது. ஆயினும், மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் எடைக்குறைப்பு மருந்துகளில் அது கலந்திருப்பதை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பலமுறை கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. அக்காவின் குப்பியில் இருப்பது அதுதானா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும்; அதுவரை காத்திருக்க வேண்டாம். அம்லோடிபினை நிறுத்தாமல், இரத்த அழுத்தம் பார்த்து ஈசிஜி எடுங்கள். குப்பியை எறிந்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரை எடுப்பவருக்கு இக்கலப்படம் இன்னும் ஆபத்தானது. நெஞ்சுவலி வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

பதில் 2:
நான் எட்டு மாதங்களாக மருத்துவர் மேற்பார்வையில் வாரம் ஒருமுறை, பசியைக் குறைக்கும் செமாக்ளூட்டைடு ஊசி போடுகிறேன். எனக்குச் சர்க்கரை நோயும் உண்டு என்பதால், சர்க்கரை தாழ்ந்துவிடாமலிருக்க கிளிமிபிரைடு மாத்திரையை முதலிலேயே பாதியாக்கினார். 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு வாரத்துக்கு ஒருமுறைதான் அளவை உயர்த்த வேண்டும். பொறுமையின்றி நானே முன்கூட்டி உயர்த்தியதில், இரண்டு நாள் வாந்தியெடுத்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. கணையஅழற்சி வந்தவர்களும், குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் உள்ளவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். கருத்தரிக்க விரும்புவோர் இரண்டு மாதங்களுக்கு முன்பே ஊசியை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிடக்கூடும் என்பதையும் அக்கா அறிந்துகொள்ளட்டும்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நேற்று அக்காவின் இரத்த அழுத்தம் 164/102, நாடி 112. ஈசிஜியில் வேறு குறையில்லை. கேப்சூலை நிறுத்திவிட்டார், எடை ஏறிவிடுமே என்று அழுதார். ஒரு வாரம் கழித்து ஊசியைப் பற்றிப் பேசலாம் என்றார் மருத்துவர். தோழியிடமும் சொன்னோம், அவர் செர்ட்ராலின் எடுப்பவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. இன்று காலை அவரையும் அதே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம்.