சக்கர் மீனை ஏரியில் விடலாமா?

கேள்வி: பாசியைத் தின்னும் என்று நம்பி விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் மீன், ஓர் அடியைத் தாண்டி வளர்ந்து தொட்டியில் இடமின்றித் தவிக்கிறது. ஏரியில் விடுவது சரியாகுமா?

மறுமொழி 1: தயவுசெய்து விடாதீர்கள். தென்னமெரிக்காவைச் சேர்ந்த இம்மீன், நீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் காற்றை விழுங்கி உயிர்வாழும். எலும்புத் தகடுகள் போர்த்த அதன் உடலை வேட்டை மீன்கள் எளிதில் விழுங்க முடியாது. கரையைக் குடைந்து வளைக்குள் முட்டையிடுவதால் மண்ணும் சரிகிறது. பெரிய தொட்டி வைத்திருப்பவரிடம் ஒப்படையுங்கள். மீன்தொட்டியில் வளர்த்த நீர்ச்செடிகளைக்கூட ஓடையில் கொட்டக் கூடாது.

மறுமொழி 2: இனி வாங்கும்போது, முழு வளர்ச்சியில் எவ்வளவு பெரிதாகும் என்பதோடு, பண்ணையில் பிறந்ததா, இயற்கையிலிருந்து பிடிக்கப்பட்டதா என்றும் கேளுங்கள். ஆண் மீனே முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும் ‘பாங்காய் கார்டினல்’ என்னும் இந்தோனேசியக் கடல்மீன், அலங்கார மீன் வணிகத்துக்காக அளவின்றிப் பிடிக்கப்பட்டு, 2007-இல், உயிரினங்களின் அழிவு அபாயத்தை மதிப்பிடும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் அருகிவரும் இனமாகச் சேர்க்கப்பட்டது. பண்ணையிலேயே பெருக்கக்கூடிய மீனுக்கு இந்நிலை நேர்ந்ததுதான் எனக்குப் பெரும் வருத்தம்.