வீடியோ காலில் சாட்சிக் கையெழுத்து: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க

கோத்தகிரி_ஹட்டி:
அப்பாவோட உயில். ஒரு சாட்சி பக்கத்து வீட்டு மாமா, நேர்ல. இன்னொருத்தர் பெங்களூர்ல இருக்கிற சித்தப்பா மகன், வாட்ஸ்அப் வீடியோவுல. மழை, மஞ்சு, டவர் ஒரு கோடுதான். அப்பா பேனாவைத் தாள்ல வெச்ச நேரம் படம் அப்படியே நின்னுடுச்சு. லைன் திரும்ப வந்தப்ப அவர் பேனாவை மூடிட்டிருந்தார். அப்புறம் தாள் கூரியர்ல போய், தம்பி கையெழுத்தோட வந்துடுச்சு. வக்கீல் கேட்டது ஒண்ணுதான்: "நாளைக்குக் கூண்டுல ஏறி, அப்பா போட்டதைப் பார்த்தேன்னு இந்தத் தம்பி சொல்வாரா?" அன்னையில இருந்து தூக்கமில்லை.

பூம்பாறை_பூண்டு:
வீடியோவுல பார்த்தாலும் பார்த்ததுதானே? 2022ல சட்டம் மாறி நிலத்துக்கே இ-சைன், அதாவது மின்னணுக் கையெழுத்து, வந்தாச்சு. எங்க வீட்டுக் கதை வேற. அம்மா பூண்டு விதைக்குக் கடன் கேட்டாங்க. ஏஜென்ட் பையன் வாசல்ல நின்னு, "போன்ல வந்த நம்பரைச் சொல்லுங்கம்மா"ன்னான். அம்மா ஒவ்வொரு எண்ணா நிறுத்தி வாசிச்சாங்க. அந்த ஓடிபிதான் கையெழுத்துன்னு யாரும் சொல்லலை. ஆதார் இ-சைன் சட்டப்படி செல்லும், பத்திரத்தில ஒரு வரி படிக்காட்டியும்.

குன்னூர்_சரிவு:
பூம்பாறை, உயிலை அதோட சேர்க்காதீங்க. மின்னணுக் கையெழுத்தைச் செல்லும்னு சொல்றது தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000. அது பொருந்தாத ஆவணங்களோட பட்டியல்தான் அதோட முதல் அட்டவணை, அதுல உயில் இருக்கு. 2022ல நில விற்பனை ஒப்பந்தம்தான் அந்தப் பட்டியலை விட்டு வெளியே வந்தது, உயில் அங்கேயே இருக்கு. நிலத்தை விக்கவும் பத்திரப்பதிவு இல்லாம முடியாது.

கோத்தகிரி, இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, 63ஆம் பிரிவைப் பாருங்க. ரெண்டு சாட்சியும் ஒரே நேரத்துல இருக்கணும்னு இல்லை. உயில் எழுதுறவர் போட்டதைப் பார்த்திருக்கணும், இல்லைன்னா "என் கையெழுத்துதான்"னு அவரே சொல்லியிருக்கணும். ஆனா சாட்சி போடுறது அவர் கண்ணெதிர்ல. கூரியர் அங்கதான் இடிக்குது. அப்பா தெளிவா இருக்கும்போதே புதுசா எழுதிடுங்க. பெங்களூர் ஆள் எதுக்கு? ஊர்லயே, அப்பாவை விட இளையவங்களா, சொத்துல பங்கு இல்லாதவங்களா ரெண்டு பேரைக் கூப்பிடுங்க. உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை, செஞ்சா நல்லது. நடக்க முடியாதவங்களுக்குப் பதிவுச் சட்டம் 31ஆம் பிரிவுல சார்பதிவாளர் வீட்டுக்கே வரலாம்.

எங்க பெரியம்மாவுக்கு வந்தாங்க. தேயிலை பறிச்சே தேஞ்ச விரல், மெஷின்ல ரேகை விழலை. வெந்நீர்த் துணியால துடைச்சுத் துடைச்சு வெச்சோம். கட்டைவிரல் விழுந்ததும் பெரியம்மா, "பேரைப் படிச்சுக் காட்டு"ன்னாங்க.

கோத்தகிரி_ஹட்டி:
அப்பாவுக்கு முட்டி வலி, இறங்கி வர மாட்டார். வீட்டுக்கு வரச் சொல்லி மனு அவர் பேர்லதானே கொடுக்கணும்? டாக்டர் சர்டிபிகேட் வெச்சீங்களா?